ஹெப்பாரினைப் பிடிக்கும் புரதம்: குழாயில் பிரிப்பது முதல் செல்லில் உறுதிசெய்வது வரை

ஹெப்பாரின் என்பது இரத்தம் உறைவதைத் தடுக்கும், சல்ஃபேட் ஏறிய சர்க்கரைச் சங்கிலி. அதைப் பதித்த மணிகள் அடைத்த குழாயில் உங்கள் புரதம் தங்கிவிட்டது என்பதாலேயே, அது உடலில் அதன் உறவுச் சங்கிலியான ஹெப்பரான் சல்ஃபேட்டோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று எழுதிவிட முடியாது. இரண்டுக்கும் நடுவில் சில சோதனைகள் இருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில், எந்தப் பஃபரில் செய்வது, எங்கெல்லாம் ஏமாறுவோம் என்பதே இந்த வழிகாட்டி. செய்முறைக்கு எஃப்ஜிஎஃப்2 என்ற வளர்ச்சிக் காரணியையும், இரத்தத்தில் உறைவைத் தடுக்கும் ஆன்டித்ராம்பினையும் எடுத்துக்கொள்வோம். இந்தத் துறையில் நன்றாக அலசப்பட்ட புரதங்கள் இவை. உங்கள் கை சரியாக ஓடுகிறதா என்று பார்க்கவும் இவையே உதவும்.

ஹெப்பாரின் மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களின் சிறு பைகளுக்குள் இருப்பது. ஹெப்பரான் சல்ஃபேட்டோ ஏறக்குறைய எல்லா விலங்குச் செல்களின் மேற்பரப்பிலும் சின்டெகன், கிளைப்பிகன் போன்ற புரதங்களில் தொங்குகிறது. அடிச்சவ்வில் பெர்லெகனில் இருக்கிறது. சர்க்கரைச் சட்டகம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் ஹெப்பாரினில் ஓர் இரட்டைச் சர்க்கரைக்குச் சராசரியாக 2.7 சல்ஃபேட் உண்டு. ஹெப்பரான் சல்ஃபேட்டில் அது பெரும்பாலும் ஒன்றுக்கும் குறைவு. அதுவும் சங்கிலி முழுக்கப் பரவாமல் திட்டுத் திட்டாக இருக்கும். இவ்வளவு நெருக்கமான எதிர்மின்சுமை இருப்பதால் ஹிஸ்டோன், ரைபோசோம் புரதங்கள், டிஎன்ஏ பாலிமரேஸ் என நேர்மின்சுமை உள்ள எதுவும் ஹெப்பாரினில் ஒட்டிக்கொள்ளும். நமக்கு வரும் சிக்கல்களில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அமினோ அமில வரிசையில் எதைப் பார்ப்பது

1989-இல் கார்டின், வைன்ட்ராப் இருவரும் இரண்டு வரிசை வடிவங்களைக் காட்டினார்கள். பி என்பது ஆர்ஜினின் அல்லது லைசின் போன்ற கார அமினோ அமிலம், எக்ஸ் என்பது பிற என்றால், அவை எக்ஸ்-பி-பி-எக்ஸ்-பி-எக்ஸ், எக்ஸ்-பி-பி-பி-எக்ஸ்-எக்ஸ்-பி-எக்ஸ். உங்கள் புரதத்தில் இவற்றைத் தேடிப் பார்க்கலாம். ஆனால் கிடைத்தால் மகிழ்ந்துவிடவும் வேண்டாம், கிடைக்காவிட்டால் விட்டுவிடவும் வேண்டாம். வரிசையில் தொலைவில் இருக்கும் லைசின்கள் மடிந்த புரதத்தில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். அதனால் முப்பரிமாண அமைப்பை எடுத்து மேற்பரப்பு மின்சுமைப் படம் போட்டுப் பார்ப்பதே நம்பகமானது.

மொத்தப் புரதத்தின் ஐசோஎலக்ட்ரிக் புள்ளியை (நிகர மின்சுமை பூச்சியமாகும் பி.எச்.) வைத்து முடிவெடுப்பது தவறு. ஆன்டித்ராம்பின் மொத்தத்தில் அமிலத்தன்மை உள்ள புரதம். ஆனாலும் லைசின் 114, லைசின் 125, ஆர்ஜினின் 129 ஆகியவை ஒரே பக்கமாகக் கூடி நின்று ஹெப்பாரினின் குறிப்பிட்ட ஐந்து சர்க்கரைத் துண்டை இறுகப் பிடிக்கின்றன. அந்தத் துண்டின் நடுவில் 3-ஓ-சல்ஃபேட் ஏறிய குளுக்கோசமைன் இருந்தாக வேண்டும்; கடையில் வாங்கும் ஹெப்பாரினில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சங்கிலிகளில்தான் இது இருக்கிறது. ஆன்டித்ராம்பினில் ஆர்ஜினின் 47 சிஸ்டீனாக மாறிப் பிறந்தவர்களுக்கு, அதாவது டோயாமா வகைக்கு, ஹெப்பாரின் பிடிப்பு கெட்டு இரத்த உறைவு வரும். ஒரே ஓர் அமினோ அமிலம் இவ்வளவு செய்யும் என்பதால், மாற்றி அமைத்த புரதம் ஒன்றையாவது தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். லைசினை அலனினாக மாற்றினால் போதும். ஆனால் மாற்றிய புரதம் சரியாக மடிந்திருக்கிறதா என்று வட்ட இருநிறமைக் கருவியிலோ உருகுநிலைச் சோதனையிலோ பார்த்துவிட்டுத்தான் பிடிப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

குழாயில் ஓட்டுவது

1984-இல் போஸ்டனில் ஷிங், கிளாக்ஸ்ப்ரன் குழுவினர் எலியின் குருத்தெலும்புப் புற்றிலிருந்து ஒரு வளர்ச்சிக் காரணியை ஹெப்பாரின் பதித்த செபரோஸ் மணிகளில் பிரித்தெடுத்தார்கள். இப்போது எஃப்ஜிஎஃப்2 என்று அழைக்கப்படும் புரதம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. அன்று உதவிய இரகசியம் இன்றும் உதவுகிறது: 1.5 மோலார் உப்பு வரும்வரை அது மணியை விடாது.

ஒரு லிட்டர் ஈ.கோலை வளர்ப்பில் புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜியை 0.5 மில்லிமோலார் சேர்த்து, 30 டிகிரியில் 4 மணி நேரம் புரதத்தை உருவாக்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செல் வீழ்படிவை 35 மில்லி பஃபரில் கலக்குங்கள்: 20 மில்லிமோலார் டிரிஸ், பி.எச். 7.5, 50 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 2 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 2 மில்லிமோலார் டிடிடி (சிஸ்டீன்கள் ஒன்றோடொன்று பிணையாமல் காப்பது), புரோட்டியேஸ் தடுப்பான். உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ வேண்டாம். டிஎன்ஏ, ஆர்என்ஏவை வெட்டும் நியூக்ளியேஸ் சேர்த்து, அதிர்வலையால் செல்லை உடைத்து, 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். அதன் பிறகுதான் உப்பை 500 மில்லிமோலாருக்கு ஏற்ற வேண்டும். இந்த வரிசை முக்கியம்: நியூக்ளியேஸுக்கு மெக்னீசியம் தேவை, அதிக உப்பில் அது மந்தமாகிவிடும். முதலிலேயே உப்பைக் கொட்டினால் டிஎன்ஏ வெட்டுப்படாமல் குழகுழவென்று நின்று குழாயை அடைத்துவிடும்.

20,000 ஜி வேகத்தில் 30 நிமிடம் சுழற்றி, மேல்நீரை 0.45 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். நைட்ரோசெல்லுலோஸ் வடிகட்டி புரதத்தைத் தின்றுவிடும், பாலிஈத்தர்சல்ஃபோன் நல்லது.

5 மில்லி குழாயில் சேமிப்புக்காக இருக்கும் 20 சதவீத எத்தனாலை முதலில் 25 மில்லி தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். பிறகு 500 மில்லிமோலார் உப்புள்ள பஃபரை 25 மில்லி விடுங்கள். மாதிரியை நிமிடத்துக்கு 1 முதல் 2 மில்லி வேகத்தில் ஏற்றுங்கள். 500 மில்லிமோலாரிலேயே ஏற்றுவதுதான் இந்தச் செய்முறையின் உயிர். எஃப்ஜிஎஃப்2 அந்த உப்பிலும் பிடித்துக்கொள்ளும், ஈ.கோலையின் டிஎன்ஏ பிடிக்கும் புரதங்களில் பெரும்பாலானவை நிற்காமல் ஓடிவிடும். 50 மில்லி கழுவி, 1 மோலாரில் இன்னொரு 50 மில்லி கழுவி, 1 முதல் 2 மோலார் வரை 100 மில்லியில் உப்பைப் படிப்படியாக ஏற்றி, 2 மில்லி வீதம் சேகரியுங்கள்.

முன்பின் தெரியாத புரதம் என்றால் இப்படித் துணிந்து ஏற்றக்கூடாது. 150 மில்லிமோலாரில் தொடங்கி 2 மோலார் வரை ஒரே சரிவாகப் போங்கள். ஓர் அளவுகோலுக்கு: பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி ஏறக்குறைய 0.5 மோலாரிலும், எஃப்ஜிஎஃப்1 ஏறக்குறைய 1 மோலாரிலும் கழலும். இரத்தத்தில் உப்பு 0.15 மோலார்தான். 0.3 மோலாருக்குள்ளேயே கழன்றுவிடும் புரதத்தைப் பற்றி உடலில் ஒட்டுகிறது என்று சொல்லும் முன் நிறைய யோசிக்க வேண்டும்.

கழன்ற உப்பளவைக் கணினித் திரையில் போட்ட நிரலிலிருந்து எழுதாதீர்கள். கலக்கும் அறையிலிருந்து கண்டறிவான் வரை உள்ள கன அளவு காரணமாக நிரல் முன்னே ஓடும், உண்மை பின்னே வரும். முகட்டின் இடத்தில் மின்கடத்துதிறனைப் படித்து, உப்புத் திட்டக் கரைசல்களோடு ஒப்பிடுங்கள். 25 டிகிரியில் 1 மோலார் சோடியம் குளோரைடு செ.மீ.க்கு ஏறக்குறைய 85 மில்லிசீமென்ஸ் காட்டும். குளிர் அறையில் இது குறையும் என்பதால் வெப்பநிலையையும் சேர்த்துக் குறித்துவையுங்கள்.

மின்சுமை மட்டும்தானா?

பலர் விட்டுவிடும் சோதனை இது. எங்கள் கருத்தில் இது இல்லாமல் ஹெப்பாரின் குழாய் முடிவை வெளியிடவே கூடாது. அதே புரதத்தை, அதே பஃபரில், அதே சரிவில், சல்ஃபோபுரோப்பைல் கேட்டயான் மாற்றுக் குழாயில் (மணிகளில் வெறும் எதிர்மின்சுமை மட்டுமே உள்ளது) ஓட்டுங்கள். இரண்டிலும் ஒரே உப்பில் கழன்றால் உங்கள் புரதம் ஹெப்பாரினை அடையாளம் காணவில்லை, எதிர்மின்சுமையைத்தான் பார்க்கிறது. எஃப்ஜிஎஃப்2 கேட்டயான் குழாயில் ஹெப்பாரினுக்குத் தேவைப்படும் உப்பில் பாதிகூட இல்லாமல் கழன்றுவிடும். அந்த வித்தியாசம்தான் சான்று. எதிர்ச்சான்றுக்கு முட்டை லைசோசைமைக் கூடவே ஓட்டலாம். மலிவானது, கார இயல்பு மிகுந்தது.

எஃப்ஜிஎஃப்2 ஹெப்பாரினைப் பிடிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 30 சதவீதம் மட்டுமே மின்சுமையால் வருகிறது என்று 1994-இல் அளந்தார்கள். மீதி ஹைட்ரஜன் பிணைப்பும் நெருங்கிய பொருத்தமும். உங்கள் புரதத்துக்கு இதைக் கணக்கிட, நான்கைந்து வெவ்வேறு உப்பளவுகளில் பிரிகை மாறிலியை (பிடிப்பின் வலுவைக் காட்டும் எண்) அளந்து, உப்பளவு, மாறிலி இரண்டின் மடக்கையையும் வரைபடமாக்குங்கள். சாய்வு எத்தனை அயனித் தொடர்புகள் என்று சொல்லும். கோட்டை 1 மோலாருக்கு நீட்டினால் மின்சுமை சாராத பங்கு தெரியும்.

குழாயில் கெட்டுப்போகும் இடங்கள்

புரதம் தங்காமல் வெளியே வந்தால் முதலில் மாதிரியின் மின்கடத்துதிறனைப் பாருங்கள். நிக்கல் குழாயிலிருந்து நேரடியாகக் கொண்டு வந்த மாதிரியில் 300 மில்லிமோலார் இமிடசோலும் 500 மில்லிமோலார் உப்பும் இருப்பதை மறந்திருப்பார்கள். மூன்று மடங்கு நீர்த்துப் போட்டால் பல நேரம் சரியாகிவிடும். அடுத்து 260, 280 நானோமீட்டர் உறிஞ்சலின் விகிதம். அது 0.6-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. 1-ஐத் தாண்டினால் ஆர்என்ஏ ஒட்டிக்கொண்டு ஹெப்பாரின் அமரும் இடத்தை மறைத்திருக்கிறது.

உலோக அயனி தேவைப்படும் புரதங்கள் தனிக்கதை. அனெக்ஸின்கள் கால்சியம் இல்லாமல் பிடிக்காது. ஹிஸ்டிடின் நிறைந்த கிளைக்கோபுரதம் துத்தநாகம் இருக்கும்போதோ பி.எச். குறையும்போதோதான் நன்றாகப் பிடிக்கும். இவற்றுக்கு இடிடிஏ போட்டால் ஒட்டுவதில்லை என்ற பொய் முடிவு கிடைக்கும். கால்சியத்தை பாஸ்பேட் பஃபரில் போட்டால் வெண்மையாக வீழ்படிந்து மணிகளை அடைக்கும்.

எஃப்ஜிஎஃப்2-இன் மேற்பரப்பில் இரண்டு சிஸ்டீன்கள் வெளியே தெரிகின்றன. டிடிடி குறைந்தால் அவை ஒன்றோடொன்று பிணைந்து இரட்டைகளாகும், திரளும். அப்போது கூர்மையான ஒரு முகட்டுக்குப் பதில் பின்னால் இன்னொரு முகடு எழும். நடத்தையில் வேறுபட்ட இரண்டு வகைகள் என்று அதைக் கருதிவிடாதீர்கள். டிடிடி போட்ட ஜெல்லும் போடாத ஜெல்லும் ஓட்டினால் விஷயம் வெளிப்படும்.

கழன்ற புரதம் காணாமல் போவதும் அடிக்கடி நடக்கும். லிட்டருக்கு மைக்ரோகிராம் அளவில் நீர்த்த எஃப்ஜிஎஃப்2 பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிவிடும். ஒட்டாத வகை டியூபும் 0.1 சதவீத மாட்டு ஆல்புமினும் வேண்டும். செல் ஊடகத்தில் 37 டிகிரியில் விட்டால் ஒரு நாளுக்குள் வீரியம் வெகுவாகக் குறைந்துவிடும். ஹெப்பாரின் உடன் இருந்தால் தாக்குப்பிடிக்கும்.

ஹெப்பாரினை வாங்குவது

மருந்துக்கடைக் குப்பியை எடுத்துச் சோதனையில் ஊற்றாதீர்கள். பல குப்பிகளில் பென்சைல் ஆல்கஹால் போன்ற பதனப்பொருள் இருக்கிறது. பன்றிக் குடல் சளிச்சவ்விலிருந்து எடுத்த சோடியம் ஹெப்பாரின் தூள் வாங்குங்கள். மில்லிகிராமுக்கு ஏறக்குறைய 180 யூனிட், சராசரி மூலக்கூறு எடை 15,000 அளவு. யூனிட் என்பது இரத்தம் உறைவதைத் தடுக்கும் திறனின் அளவு, ஒட்டும் திறனின் அளவு அல்ல. ஆகவே கட்டுரையில் எடையை எழுதுங்கள், தொகுதி எண்ணையும் எழுதுங்கள்.

2007, 2008 காலத்துப் பழைய தூள் அலமாரியில் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். அப்போது பல நாடுகளுக்குப் போன ஹெப்பாரினில் மிகைச் சல்ஃபேட் ஏற்றிய காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் என்ற வேறொரு சர்க்கரைச் சங்கிலி கலந்திருந்தது. நோயாளிகளுக்கு இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிரிழப்புகளும் நேர்ந்தன. புரோட்டான் என்எம்ஆரில் ஹெப்பாரினின் அசிட்டைல் முகடு 2.04 பிபிஎம் அருகே வரும், கலப்படத்தினுடையது 2.15-ஐ ஒட்டி வரும்.

போட்டிச் சோதனையும் மணி வடிவ வளைவும்

கரைசலில் ஹெப்பாரின், ஹெப்பரான் சல்ஃபேட், காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் ஏ, டெர்மாட்டன் சல்ஃபேட், டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் ஐந்தையும் வரிசையாக வையுங்கள். டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட்டும் ஹெப்பாரினும் ஒரே அளவு தடுத்தால் மறுபடி மின்சுமைச் சந்தேகம். என்-, 2-ஓ-, 6-ஓ- சல்ஃபேட்டைத் தனித்தனியாக நீக்கிய ஹெப்பாரின்களும் கிடைக்கின்றன. எஃப்ஜிஎஃப்2 பிடிக்க என்-, 2-ஓ- சல்ஃபேட் போதும். ஆனால் ஏற்பியையும் சேர்த்துப் பிடித்துச் செல்லுக்குள் சமிக்ஞை அனுப்ப 6-ஓ- சல்ஃபேட்டும் நீளமான சங்கிலியும் வேண்டும். ஒட்டுவது வேறு, வேலை செய்வது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

அளவுகளைப் பத்து மடங்கு வீதம் ஆறேழு படிகளில் போடுங்கள். இரண்டு படிகளில் நிறுத்தினால் ஏமாறுவீர்கள். ஆன்டித்ராம்பினும், அது தடுக்கும் உறைவு நொதியான த்ராம்பினும் ஒரே சங்கிலியில் அமர வேண்டும். அதற்குக் குறைந்தது 18 சர்க்கரைகள் தேவை. ஹெப்பாரின் கூடக்கூடத் தடுக்கும் வேகம் ஏறும். மிதமிஞ்சினால் இரண்டும் வெவ்வேறு சங்கிலியில் அமர்ந்து வேகம் இறங்கும்; வளைவு மணி வடிவில் வரும். மற்றோர் உறைவு நொதியான காரணி பத்து-ஏ-வைத் தடுக்க ஐந்து சர்க்கரையே போதும், ஆகவே அங்கே இந்தச் சரிவு பெரிதாகத் தெரியாது.

இதே விதி நோயிலும் தெரிகிறது. ஹெப்பாரின் சிகிச்சை தொடங்கி 5 முதல் 10 நாளில் சிலருக்குத் தட்டணுக்கள் குறைந்து, அதே நேரத்தில் இரத்தம் உறையவும் தொடங்கும். தட்டணுவிலிருந்து வரும் பிஎஃப்4 புரதம் ஹெப்பாரினோடு சரியான விகிதத்தில் சேரும்போது பெரிய கூட்டுகள் உருவாகின்றன. எதிர்ப்புரதங்கள் அவற்றில் ஒட்டித் தட்டணுக்களைத் தூண்டுகின்றன. ஆய்வகத்தில் மில்லிக்கு 100 யூனிட் ஹெப்பாரின் போட்டால் அந்தக் கூட்டு சிதைந்து சமிக்ஞை மறையும். அதுவே உறுதிப்படுத்தும் சோதனை.

ஆன்டித்ராம்பினுக்கு இன்னும் எளிய அளவீடு இருக்கிறது. 280 நானோமீட்டரில் ஒளியூட்டி 340-இல் படித்தால், ஹெப்பாரின் சேர்க்கச் சேர்க்க டிரிப்டோஃபன் ஒளிர்வு 30 முதல் 40 சதவீதம் ஏறும். புரதம் உருமாறுவதை நேரில் பார்க்கும் வழி இது. மற்ற புரதங்களுக்கு, தகட்டில் புரதம் ஒட்டுவதையும் கழல்வதையும் அளக்கும் மேற்பரப்பு பிளாஸ்மான் கருவி. ஹெப்பாரினின் குறைக்கும் முனையில் மட்டும் பயோட்டின் ஏற்றி, அதை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் தகட்டில் மிகக் குறைவாகப் பதியுங்கள். நெருக்கமாகப் பதித்தால் கழன்ற புரதம் பக்கத்துச் சங்கிலியில் மறுபடி ஒட்டிப் பிடிப்பு வலுவாகத் தெரியும். கழலும் கட்டத்தில் கரைந்த ஹெப்பாரினைச் செலுத்தினால் இது அம்பலமாகும்.

செல்லில் உறுதிசெய்வது

சீன வெள்ளெலியின் சூலகச் செல்லான சிஎச்ஓ-கே1-ஐயும் அதன் பிஜிஎஸ்ஏ-745 மாற்றுருவையும் பக்கத்தில் வையுங்கள். மாற்றுருவில் சங்கிலியைத் தொடங்கிவைக்கும் சைலோசைல்டிரான்ஸ்ஃபரேஸ் நொதி இல்லை, எந்தக் கிளைக்கோசமினோகிளைக்கானும் (ஹெப்பரான் சல்ஃபேட், காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் போன்ற சங்கிலிகள்) வராது. பிஜிஎஸ்டி-677-இல் ஹெப்பரான் சல்ஃபேட் மட்டும் இல்லை, காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் வழக்கத்தைவிட அதிகம். உங்கள் புரதம் முதல் செல்லில் ஒட்டி மற்ற இரண்டிலும் ஒட்டாவிட்டால் ஹெப்பரான் சல்ஃபேட் என்று தைரியமாகச் சொல்லலாம்.

செல்லைத் தட்டிலிருந்து எடுக்க டிரிப்சின் போடாதீர்கள். அது சின்டெகனின் புரதத் தண்டையே வெட்டிவிடும், சங்கிலிகள் ஊடகத்தோடு போய்விடும். 2 முதல் 5 மில்லிமோலார் இடிடிஏ போதும். ஹெப்பரான் சல்ஃபேட்டை வெட்டும் நொதியான ஹெப்பாரினேஸ் III கொண்டு 37 டிகிரியில் ஒரு மணி நேரம் சீரம் இல்லாத ஊடகத்தில் வெட்டியபின், வெட்டிய அடித்தண்டைக் காட்டும் 3ஜி10 எதிர்ப்புரதத்தால் வெட்டு நடந்ததை உறுதிசெய்யுங்கள். அது தெரியாமல் "நொதி போட்டும் பிடிப்பு குறையவில்லை" என்று எழுதுவதில் பொருளில்லை.

எஃப்ஜிஎஃப்2 போன்ற புரதம் ஏற்பியிலும் ஒட்டும் என்பதால் இரண்டையும் பிரிக்க வேண்டும். குளிரில் ஒட்டவிட்டு, பி.எச். 7.5-இல் 2 மோலார் உப்பால் கழுவினால் ஹெப்பரான் சல்ஃபேட்டில் இருந்தது வரும். அதே உப்பை பி.எச். 4-இல் விட்டால் ஏற்பியில் இருந்தது வரும். நேர்மின்சுமை மிகுந்த புரதங்களைப் பார்ப்பவர்கள் செல்லை ஃபார்மலினில் நிலைநிறுத்திவிட்டுப் படம் எடுக்கக்கூடாது. நிலைநிறுத்தும்போதே அவை உட்கருவுக்குள் புகுந்து பொய்ப்படம் காட்டும்.

ஹெப்பாரின் ஊசி போட்டதும் ஒரு புரதம் இரத்தத்தில் கூடினால், அது ஹெப்பரான் சல்ஃபேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது என்றும் முடிவுகட்ட முடியாது. இரத்தத்தில் கொழுப்பை உடைக்கும் லிப்போபுரத லிபேஸ் நொதியைப் பற்றி வெகுகாலம் அப்படித்தான் நம்பினார்கள். தந்துகிச் சுவரில் அதைச் சுமப்பது ஜிபிஐஎச்பிபி1 என்ற புரதம் என்று பின்னர் தெரிந்தது.

வைரஸோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஹெர்பிஸ் வைரஸின் ஜிசி, ஜிபி புரதங்களும், கொரோனா வைரஸ் சார்ஸ்-கோவ்-2-இன் முள்புரதமும் ஹெப்பரான் சல்ஃபேட்டைப் பிடிப்பவை. ஆனால் சிண்ட்பிஸ், கோமாரி நோய் வைரஸ்களில் செல் வளர்ப்பில் திரும்பத் திரும்பக் கடத்தும்போதே உறையில் கார அமினோ அமிலம் ஏறிப் புதிதாக இந்தப் பிடிப்பு வந்தது. நோயுற்ற விலங்கில் இருந்த வைரஸுக்கு அது இல்லை. ஆகவே நோயுற்ற உயிரியிலிருந்து பிரித்தெடுத்து, வளர்ப்பில் குறைவாகக் கடத்திய வைரஸை எடுங்கள். ஹெப்பாரின் சோதனைக்கு முன்னும் பின்னும் உறைப்புரத மரபணுவை வரிசைப்படுத்துங்கள். மாதிரி இரத்தத்தை ஹெப்பாரின் டியூபில் வாங்காதீர்கள்: அது பிசிஆரில் பாலிமரேஸையும் தடுக்கும், நீங்கள் அளக்கப்போகும் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும். இடிடிஏ டியூபில் வாங்குங்கள். ஏற்கெனவே ஹெப்பாரினில் வாங்கி உறைவித்த மாதிரிதான் கையில் இருக்கிறது என்றால், பிசிஆருக்கு முன் நியூக்ளிக் அமிலத்தை ஹெப்பாரினேஸ் I கொண்டு பதப்படுத்துங்கள். ஆர்என்ஏ என்றால் ஆர்என்ஏஸ் தடுப்பானையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.